மூன்றாவது கேள்வி

செல்லையா வீட்டுச் சுவரில் இருந்த வாடகைப் பெட்டி இரண்டு முறை கத்திவிட்டது. "எந்த ஊரு?" என்று கேட்டதற்கு ஒன்று. "புருசன் என்ன பண்றான்?" என்றதற்கு ஒன்று. வீடு கேட்டு வருகிறவர்களிடம் இதெல்லாம் கேட்கக் கூடாது; கேட்டால் அரசாங்கம் மாட்டிய அந்தப் பெட்டி கத்தும். அவருக்கு வாய் பழகிப்போயிருந்தது.

வீடு கேட்டுப் பதிந்தவர்களின் பட்டியலில் முதல் ஆளுக்குத்தான் அவருடைய மாடி வீடு. செல்லையாவே நினைத்தாலும் மாற்ற முடியாது. ஆனால் பெட்டி மூன்றாவது முறை கத்தினால், எதிரே நிற்கும் ஆளுக்கே வீட்டைக் கொடுக்க வேண்டும். அதுதான் அபராதம்.

சித்தாள் பேச்சித்தாய் பட்டியலில் நான்காவது. கட்டிட வேலை முடிந்து, அவள் தங்கியிருந்த கொட்டகையைப் பிரித்துவிட்டார்கள். இன்றைக்குள் அவளுக்கு வீடு வேண்டும்.

"இன்னொண்ணு கேளுங்க அண்ணாச்சி," என்று சிரித்தாள். "சாதி கேளுங்களேன்."

"போ தாயி. நான் வாயவே தொறக்க மாட்டேன்."

அப்போது அவள் பையிலிருந்து வாடை வந்தது. செல்லையா மூக்கை உறிஞ்சினார். பேச்சித்தாய் பையைப் பின்னால் தள்ளினாள். இந்த வாடைக்காகவே முன்பு ஏழு வீடுகளில் அவளுக்குக் கதவைச் சாத்தியிருக்கிறார்கள்.

"அது சீலாக் கருவாடு," என்றார்.

"ஆமா. அதுக்கென்ன இப்ப?"

"எம் மருமவ அத வாசப்படி தாண்ட விடமாட்டா. நான் அதத் தின்னு எட்டு வருசமாச்சு."

எழுந்து பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றார். காது கேட்காதவரிடம் பேசுவதுபோல் சத்தமாகக் கேட்டார்:

"ஏ பேச்சித்தாய், நீ கருவாடு பொரிப்பியா?"

பெட்டி கத்தியது. மாடி வீட்டுப் பூட்டு தானாகத் திறந்தது.

"ஐயோ, மாட்டிக்கிட்டீங்களே அண்ணாச்சி!"

"அதெல்லாம் இருக்கட்டும். நடுத்துண்டு எனக்கு."