சும்மா ஒரு டெஸ்ட்

"எதையாச்சும் டைப் பண்ணி வை புஷ்பா. தமிழ் எழுத்து உடையாம வருதான்னு பாக்கோணும், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுத் தண்டபாணி குளிக்கப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஹைதராபாத் மாரெட்பள்ளி வீட்டு ஹாலில் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு இன்டர்நெட் கொடுக்கிற போன் ஒயர் ஜன்னலோரத்திலிருந்து தரையோடு நீளமாகக் கிடந்தது. புஷ்பா எப்போதும்போல அதை மிதிக்காமல் தாண்டிப் போய் உட்கார்ந்தாள்.

திரையில் இருந்தது அவன் கம்பெனி செய்த வெப்சைட். வீட்டில் அடிபடுகிற பெண்கள் பெயர் சொல்லாமல் தாங்கள் படும் பாட்டை அதில் எழுதலாம். டெல்லியில் புதுச் சட்டம் கொண்டுவரப் போகிற எம்.பி.க்கள் அதைப் படிப்பார்களாம். நாளைக்குத் திறப்பு. கம்பெனியில் தமிழ் டைப்ரைட்டிங் தெரிந்தவர் யாருமில்லை. ஈரோட்டில் லோயர் பரீட்சை பாஸ் செய்த புஷ்பா வீட்டிலேயே இருந்தாள். வசதியாகப் போயிற்று.

முதலில் போவன்பள்ளி மார்க்கெட் தக்காளி விலையை எழுதினாள். பிறகு குலதெய்வத்தின் பெயர். எழுத்து உடையவில்லை.

பாத்ரூமில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

அடுத்ததை அவள் யோசித்து எழுதவில்லை. விரல் தன் பாட்டுக்கு எழுதியது. 'என் கணவர் என்னை அடிக்கிறார்' என்று ஆரம்பித்து, மூச்சுவிடாமல் போய், தீபாவளிக்கு முந்தின நாள் நடந்ததில் வந்து நின்றது.

படித்துப் பார்த்ததும் பாத்ரூம் கதவைத் திரும்பிப் பார்த்தாள். ஆனால் அழிக்க மனசு வரவில்லை. டெல்லியில் யாரோ ஒருத்தர் இதைப் படித்தால் போதும் என்றிருந்தது.

அதனால் மாற்றினாள். ஹைதராபாத்தை மதுரை ஆக்கினாள். சாஃப்ட்வேர்காரனை பேங்க் கிளார்க் ஆக்கினாள். அடித்தது பெல்ட்டால் என்று போட்டாள். இப்போது அது யாரோ ஒருத்தி. பாவம், யாரோ.

அவனுக்கு எங்கே தெரியப் போகிறது? அவனுக்குத்தான் எதுவுமே ஞாபகம் இருப்பதில்லையே. கோபம் தலைக்கேறினால் ஆளே வேறு. விடிந்தால் ஒன்றும் தெரியாது. "முதுகுல என்ன புஷ்பா, எங்க போய் இடிச்சுட்டே?" என்று பதறுவான். தைலம் தடவிவிடுவான். தெருமுனைக்கு ஓடிப்போய் உஸ்மானியா பிஸ்கட் வாங்கி வருவான்.

தெரியாமல் செய்கிறவனை என்னதான் செய்வது? அது ஒரு வியாதி. வியாதிக்காரனை அம்போவென்று விட்டுவிட்டுப் போகிறவள் மனுஷியா? இந்த ஒரு சமாதானத்தில்தான் அவள் இத்தனை வருஷம் ஈரோட்டுக்கு ரயிலேறாமல் இருந்தாள்.

தண்ணீர்ச் சத்தம் நின்றது.

தலையைத் துவட்டிக்கொண்டே வந்து அவள் பின்னால் நின்றான். தக்காளியைப் படித்துச் சிரித்தான். குலதெய்வத்தைப் படித்தான். பிறகு அதைப் படித்தான்.

மெதுவாகத்தான் படித்தான், ஒரு எழுத்தும் விடாமல். அவன் ஈரத்தலையிலிருந்து ஒரு சொட்டு அவள் தோளில் விழுந்தது. புஷ்பா அசையவில்லை.

"ழ, ற எல்லாம் சுத்தமா வருது" என்றான். அவள் தோளுக்கு மேலாகக் கை நீட்டி, டெஸ்டுக்கு எழுதியதையெல்லாம் மொத்தமாக அழித்தான். தக்காளியும் போயிற்று, சாமியும் போயிற்று, மதுரைக்காரியும் போனாள்.

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. ஆனாலும் மதுரைக்காரி பாவம். டெல்லிக்குப் போகாமலே போய்விட்டாளே.

தண்டபாணி குனிந்து, போன் ஒயரைப் பிடுங்கி, கையில் பொறுமையாகச் சுற்றினான்.

"பெல்ட்டுன்னு எழுதியிருக்கே" என்றான். "அன்னிக்கு இந்த ஒயருதானே?"

குரலில் கோபம் இல்லை. தக்காளி விலையைத் தப்பாகச் சொன்னால் திருத்துவானே, அதே குரல்.

எல்லாம் ஞாபகம் இருந்திருக்கிறது. தைலம் தடவிவிட்ட ஒவ்வொரு காலையிலும்.