உலகிலேயே கெட்டியான ஓசோன்

"உங்க செயற்கைக்கோளை முதல்ல ஒரு கண் டாக்டர்கிட்ட காட்டும்மா," என்றார் அத்தான்.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அவர் பின்னால் மாடிப்படி ஏறினாள். அக்காவின் கணவர் என்பதெல்லாம் வீட்டோடு சரி. இங்கே அவர் கணக்குப் பிரிவிலிருந்து படிப்படியாக உயர்ந்து வந்த ஓசோன் நிலையத் தலைவர். செயற்கைக்கோள் மேலிருந்து சொல்லும் அளவு சரியா என்று தரையிலிருந்து அளந்து பார்ப்பது இந்த நிலையம்தான். இது தலையாட்டினால்தான் அவள் குழு ஐந்து வருடம் உயிரைக் கொடுத்துச் செய்த செயற்கைக்கோள் தேறும். இதுவோ முதல் நாளிலிருந்தே முரண்டு பிடித்தது.

"நாங்க சொல்றதைவிட ஒன்றரை மடங்கு அதிகமா சொல்றீங்களே அத்தான்?"

"இருக்கு, சொல்றோம். இருக்கறதைக் குறைச்சுச் சொல்ற பழக்கம் இங்க கிடையாது."

"போன மாசம் வரைக்கும் உங்க அளவும் ஊர் உலகத்துல எல்லாரும் சொல்ற மாதிரிதான இருந்துச்சு?"

"அதுக்குப் பேருதான் முன்னேற்றம்."

வாசலில், 'உலகிலேயே கெட்டியான ஓசோன் எங்கள் தலைக்கு மேலே' என்று அவர் பலகையே வைத்துவிட்டிருந்தார்.

"நாளைக்குள்ள காரணம் தெரியலைன்னா, எங்க செயற்கைக்கோள் தப்புன்னு அறிக்கை போயிடும்."

"போனாப் போகட்டும். அடுத்ததை நல்லா செய்ங்க. அக்காகிட்ட நான் பக்குவமா சொல்லிக்கறேன்."

இடுப்புச் சாவியை எடுத்து மாடிக் கதவைத் திறந்தார். "என்னைத் தவிர ஒருத்தரையும் உள்ள விடறதில்லை. நீ சொந்தமாப் போயிட்டே."

மொட்டை மாடியின் நடுவில் பளபளவென்று நின்றது ஓசோனை அளக்கும் கருவி. அது ஓசோனை நேராகப் பார்ப்பதில்லை. வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிரை ஓசோன் தடுக்கும். தடுத்தது போக மிச்சம் எவ்வளவு கீழே வருகிறது என்று கருவி பார்க்கும். குறைவாக வந்தால், மேலே ஓசோன் அதிகம் என்று கணக்கு.

"ஒரு பொட்டுத் தூசி இருக்கா பாரு," என்றார் அத்தான்.

குனிந்து, அதன் வாயருகே முகத்தைக் கொண்டுபோனாள். நெற்றி டொக்கென்று இடித்தது.

அத்தான் முகம் மலர்ந்தது. "இருக்கறதே தெரியலை, பாத்தியா? கண்ணாடிக் கூண்டு. உன் செயற்கைக்கோள் மேல போன அன்னிக்கு, நம்ம பங்குக்கு இருக்கட்டும்னு பக்கத்துல நின்னு போட வச்சேன். தினமும் நானேதான் துடைக்கறேன்."

அவள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "அத்தான், கண்ணாடியும் புற ஊதாக் கதிரைத் தடுக்கும். ஒரு மாசமா ஓசோனோட சேர்த்து இந்தக் கூண்டையும் அளந்துட்டு இருக்கீங்க."

அத்தான் கூண்டைப் பார்த்தார். கருவியைப் பார்த்தார். தொங்கிப்போன தலை மெல்ல நிமிர்ந்தது.

"ஆக, எங்க கருவி எதையும் விடாம அளந்திருக்கு!"