பிஸ்கட்டிடம் ஒரு கேள்வி

"நான்தானே சின்னப் பிள்ளை? நீ எதுக்கு மாமா இவ்வளவு அவசரப்படறே?" என்றாள் வின்னி, தன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடிய லாக்லனைப் பார்த்து.

அக்கா மகள் கேட்டது நியாயம்தான். ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்ட் கேளிக்கைப் பூங்காவில் ஜனவரி விடுமுறைக் கூட்டம் முழுக்க ராட்டினத்துக்கும் நீர்ச்சறுக்குக்கும் அலைமோதிக்கொண்டிருக்க, பொடிசுகளுக்கான பாட்டுக் கச்சேரியில் முன்வரிசை பிடிக்க ஒரு தடிமாடு முண்டியடித்தால் யார்தான் கேட்க மாட்டார்கள்?

முன்னாடி உட்கார்ந்தால்தான் பிஸ்கட்டைச் சீக்கிரம் கட்டிப்பிடிக்கலாம் என்று சமாளித்து, அவள் மூக்கில் இன்னொரு கோடு வெயில் க்ரீம் இழுத்துவிட்டான் லாக்லன்.

பிஸ்கட் என்பது கோலா கரடி. ஆளுயர உடுப்பு, அண்டா மாதிரித் தலை. அதற்குள் இருந்து ஆடுகிறவள் அவன் காதலி கிர்ரா. அவனுடைய கால்சட்டைப் பையில் மோதிரம் இருந்தது.

கல்யாணப் பேச்சை எடுத்தாலே கிர்ரா நழுவிவிடுவாள். அவனைப் பிடிக்காமல் இல்லை. எல்லாம் அவள் அம்மா நோலீனை நினைத்து வருகிற பயம். ஒரு காலத்தில் இதே மேடையைக் கலக்கியவள் நோலீன். இப்போது இந்தக் குழுவுக்கே ஆட்டம் சொல்லித்தருகிறாள். அலைச்சறுக்குப் பலகைகளைப் பழுது பார்க்கிற கடை வைத்துக்கொண்டு, அலை நன்றாக எழும்பினால் கடையைப் பூட்டிவிட்டுக் கடலுக்கு ஓடுகிற லாக்லனை அவளுக்குக் கண்ணில் காட்டக் கூடாது. "அம்மா என்ன சொல்லுவாங்களோ..." என்று இழுத்து, கிர்ரா ஒவ்வொரு தடவையும் பேச்சை மாற்றிவிடுவாள்.

ஆனால் பேச்சை மாற்றப் பேச வேண்டுமே? உடுப்புக்குள் இருப்பவர்கள் வாயைத் திறக்கக் கூடாது என்பது பூங்காவில் கண்டிப்பான விதி. கரடி மனிதக் குரலில் பேசினால் பிள்ளைகள் மிரண்டுவிடும். தலையை ஆட்டலாம், கையை ஆட்டலாம், அவ்வளவுதான். இந்த யோசனை வந்த அன்று லாக்லன் தன்னைத் தானே முதுகில் தட்டிக்கொண்டான். இன்றைக்கு ஆமாவா இல்லையா, இரண்டில் ஒன்று தெரிந்துவிடும்.

கச்சேரி தொடங்கியது. பொடிசுகள் எல்லாம் எழுந்து குதித்தன. கழுத்தில் பிள்ளையைச் சுமந்த அப்பாக்கள் வெட்கத்தை விட்டு இடுப்பை ஆட்டினார்கள். பிஸ்கட்டோ இன்றைக்குத் தூள் கிளப்பியது. சுழன்றது, எகிறியது, தொப்பியைக் கழற்றிய ஒரு பையனைப் பார்த்து விரலை ஆட்டி மிரட்டியது. வின்னி தொண்டை கிழியப் பாடினாள். லாக்லனுக்கு மட்டும் பாட்டு காதிலேயே ஏறவில்லை. முடியாது என்று தலையை ஆட்டிவிட்டால் அப்புறம் எந்த முகத்தோடு அவளைப் பார்ப்பது?

பாட்டு முடிந்து, கட்டிப்பிடிக்கிற வரிசை நகர்ந்தது. வின்னி பிஸ்கட்டின் வயிற்றில் முகத்தைப் புதைத்து, விடவே மாட்டேன் என்றாள். அவளை ஒருவழியாகப் பிரித்துவிட்டு, லாக்லன் அங்கேயே மண்டியிட்டான்.

பின்னால் நின்ற அம்மாக்கள் கைப்பேசிகளைத் தூக்கினார்கள். பிஸ்கட் அப்படியே உறைந்து நின்றது.

"குறுக்கே பேசாம இன்னிக்காவது கேளு," என்றான். "உங்கம்மாவுக்கு என்னைக் கண்டா ஆகாது, தெரியும். அவங்க ஒரு பார்வை பார்த்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்குது. ஆனா உன்னை ஒத்தையா நின்னு வளர்த்தவங்க அவங்க. கல்யாணமாச்சுன்னு அவங்களைத் தனியா விட மாட்டேன். ஞாயித்துக்கிழமை சாப்பாடு நம்ம வீட்டுலதான். என்னைத் திட்டிக்கிட்டே சாப்பிடட்டும், பரவாயில்லை. என்னைக் கட்டிக்கிறியா?"

பிஸ்கட்டின் ஒரு கை மெல்ல எழுந்து நெஞ்சில் போய் நின்றது. லாக்லனுக்கு உயிர் போய் உயிர் வந்தது. பிறகு அந்த அண்டாத் தலை, மேலும் கீழுமாக, ஒருமுறை ஆடியது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறை, நன்றாக அழுத்தமாக.

கூட்டம் கைதட்டிய தட்டில் மரத்திலிருந்த கிளிகள் பறந்தன. பஞ்சுக் கையில் மோதிரம் நுழையவில்லை. உள்ளங்கையில் வைத்தான். பிஸ்கட் பொத்திக்கொண்டது. சந்தோஷம் தாங்காமல் அதன் மூக்கில் ஒரு முத்தமும் கொடுத்தான்.

வின்னியைத் தூக்கிக்கொண்டு மேடைக்குப் பின்னால் ஓடினான். ஊழியர் கதவுக்கு வெளியே, படிக்கட்டில் கிர்ரா உட்கார்ந்திருந்தாள். இவ்வளவு சீக்கிரம் எப்படி உடுப்பை மாற்றினாள் என்று யோசிக்கக்கூட அவனுக்குப் பொறுமை இல்லை.

"சரின்னு சொல்லிட்டியே, கிர்ரா!"

"எதுக்கு?" என்றாள் அவள், கணுக்காலில் ஐஸ் கட்டிப் பையை அழுத்திக்கொண்டே. "காலை ஷோவுலயே கால் சுளுக்கிக்கிச்சு. அப்பலேர்ந்து நான் இங்கதான் உட்கார்ந்திருக்கேன்."

லாக்லன் மேடைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். "அப்போ பிஸ்கட்டுக்குள்ள யாரு?"

அவள் வாயைத் திறப்பதற்குள் கதவு திறந்தது. பிஸ்கட் வெளியே வந்தது. வின்னி பார்க்காதபடி அவள் தொப்பியைக் கண்ணுக்குக் கீழே இழுத்துவிட்டு, அண்டாத் தலையைக் கழற்றியது.

வியர்வையில் நனைந்த முகமும் சிவந்த கண்களுமாக நின்றாள் நோலீன்.

"எனக்குச் சம்மதம்," என்று மோதிரத்தை அவனிடம் நீட்டினாள். "எதுக்கும் இவகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கோ."