கடலுக்குப் போகும் வழி

"அண்ணா, கடலுக்கு எந்தப் பக்கம் போகணும்?"

உப்பளத்துப் பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் நின்று கேட்டாள் ஜெசிந்தா. கூடவே புருஷன், மாமனார் ஆரோக்கியராஜ், மூன்று பிள்ளைகள். கிறிஸ்துமஸுக்கு எடுத்த புதுத்துணியையே மறுநாளும் போட்டிருந்தார்கள். மாமனார் தலையில் பேரப்பிள்ளைகள் மாட்டிவிட்ட சிவப்புக் குல்லா.

மணி எட்டு. நேரே நடந்தால் பத்து நிமிடத்தில் கடல்.

"அந்த வழி மழையில உடைஞ்சு கெடக்குதும்மா. பசங்கள வச்சிக்கிட்டு போவ முடியாது" என்றார் உப்பளத்துக் காவல்காரர் பாலகுரு. "இப்படி இடது பக்கம் ஏரி. பூநாரை வந்திருக்குது. வாங்க, நானே காட்டறேன்."

வழி உடையவில்லை. விடிகாலையில்கூட அதில் மீன் வண்டி வந்தது.

வருடத்தில் ஒரு நாள் மட்டும் பாலகுரு இந்தப் பொய்யைச் சொல்வார். கூட வேலை பார்க்கும் அப்பாவு, "இன்னிக்கு ஒருநாள் வீட்ல இருய்யா, நான் பாத்துக்கறேன்" என்று ஒவ்வொரு முறையும் சொல்லிப் பார்ப்பார். பாலகுரு கேட்டதில்லை. ஆறு மணிக்கே வந்து அந்த இடத்தில் நின்றுவிடுவார்.

வரப்பின் மேல் ஒருவர் பின் ஒருவராக நடந்தார்கள். மழைத் தண்ணீரில் பாத்திகள் எல்லாம் மூழ்கிக் கிடந்தன. இரண்டு பக்கமும் தண்ணீர், தண்ணீருக்குள் வானம்.

திண்டிவனத்திலிருந்து நாத்தனார் வீட்டுக்கு வந்தவர்களாம். முந்தின நாள் எல்லோரும் கூடிப் பாடும்போது உச்சஸ்தாயியில் மாமனாரின் பல்செட் கழன்று கேக்கின் மேல் விழுந்த கதையை ஜெசிந்தா சொன்னாள். பிள்ளைகள் நடக்க முடியாமல் சிரித்தார்கள். "பல்லு விழுந்த பக்கத்த உன் புருஷனுக்குத்தானே குடுத்தேன்" என்றார் பெரியவர்.

பாலகுருவும் சிரித்துவிட்டார்.

அப்போது கடைக்குட்டி வந்து அவர் விரலைப் பிடித்தாள். அவர் மெதுவாக விரலை உருவிக்கொண்டார்.

"அம்மா கையப் புடிச்சிக்க கண்ணு. நல்லா புடிச்சிக்க."

ஏரியில் நூற்றுக்கு மேல் பூநாரைகள். அலகைத் தண்ணீருக்குள் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருந்தன. பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். ஆரோக்கியராஜ் குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

திடீரென்று அத்தனை பறவைகளும் ஒன்றாக எழும்பின.

என்ன நடந்தது என்று ஜெசிந்தாவுக்குப் புரியுமுன் பாலகுரு இரண்டு பிள்ளைகளின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேட்டை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார். மேட்டில் ஏறி நின்று, கடல் இருந்த திக்கையே பார்த்தார்.

ஏரியோரம் ஒரு நாய் தண்ணீரைக் கலக்கியபடி நின்றது. அவ்வளவுதான்.

"பாம்புன்னு நெனச்சிட்டேன்" என்று கையை விட்டார். பிள்ளைகளின் மணிக்கட்டில் அவர் விரல் பதிந்திருந்தது.

அவர்கள் பாதை பிரியும் இடத்துக்குத் திரும்பி வந்தபோது, கடல் பக்கமிருந்து ஒரு பைக் வந்தது. பின்னால் கட்டியிருந்த மீன் பெட்டியிலிருந்து ஐஸ் தண்ணீர் வழியெல்லாம் சொட்டிக்கொண்டு போயிற்று.

ஜெசிந்தா அந்தப் பாதையைப் பார்த்தாள். எங்கேயும் உடைப்பு இல்லை.

"வழி இல்லன்னீங்களேண்ணா?"

பாலகுரு செல்போனை எடுத்து மணி பார்த்தார். பத்தாக இன்னும் பத்து நிமிடம்.

"இப்ப போவலாம்மா. இனிமே ஒண்ணும் இல்ல."

அப்போதுதான் அவளுக்கு அன்றைய தேதி உறைத்தது. மற்றவர்களை முன்னால் போகச் சொல்லிவிட்டு அவள் மட்டும் நின்றாள்.

"சுனாமியிலயாண்ணா? உங்க வீட்லயா?"

பாலகுரு செல்போனைச் சட்டைப்பையில் வைத்தார்.

"பேரு சொல்லுங்க. ஞாயித்துக்கெழம பூசையில வேண்டிக்கறோம்."

இருபது வருடத்துக்கு மேலாக யாரும் அவரிடம் அதைக் கேட்டதில்லை. பாலகுரு சொன்னார். பிரான்சிஸ். எமிலி. சகாயம். டெய்சி. சின்னவள் ரோஸ்லின். தினமும் சொல்லிப் பார்த்தவர்போலத் தடங்கலில்லாமல் சொன்னார்.

போனில் எழுதிக்கொண்டிருந்த ஜெசிந்தாவின் விரல் நின்றது. "இவங்க உங்களுக்கு என்ன வேணும்ணா?"

"ஒறவெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. உங்கள மாதிரிதான், பண்டிகைக்கு மறுநாள் இங்க வந்து வழி கேட்டாங்க. நேரா போங்க, இப்ப போனாதான் வெயில் இருக்காது, பசங்க நல்லா ஆடலாம்னு நான்தான் கையக் காட்டி அனுப்பனேன்."

"உங்களுக்கு எப்படிண்ணா தெரியும்? உங்க மேல என்ன தப்பு?" என்றாள் ஜெசிந்தா. அவள் கண் கலங்கிவிட்டது. அவருடைய கையை ஒரு தடவை தொட்டுவிட்டு, கடல் பக்கம் நடந்தாள்.

அவள் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றார் பாலகுரு. அவரால் அதுவரைக்கும்தான் சொல்ல முடிந்தது.

வழி கேட்டவர்கள் பெயரைச் சொல்லிவிட்டா போவார்கள்?

அலை அடித்த மூன்றாம் நாள், பாலகுரு தங்கியிருந்த நிவாரண முகாமுக்குச் செஞ்சிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். கையில் ஒரு குடும்பப் படம். ஒவ்வொரு முகத்தின் மேலும் விரலை வைத்து, இவன் என் தம்பி, இவள் அவன் பெண்சாதி என்று ஐந்து பெயரையும் சொன்னார். கடல் பார்க்கக் கிளம்பினார்கள் என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும். எந்த ஊர்க் கடல் என்று தெரியாது.

பாலகுரு படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"இந்தப் பக்கம் யாரும் வரலீங்களே" என்றார்.

பெரியவர் கும்பிட்டார். படத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு கடலூர்ப் பக்கம் தேடப் போனார்.