அத்தை கண்ணில் படக்கூடாது

“அண்ணே, சாயங்காலம் எங்க அத்தை இந்த வண்டியில ஏறுவாங்க. அதுக்குள்ள இந்த ஒடுக்கு இருந்த இடம் தெரியாமப் போயிடணும்.”

சொன்னவள் ஜீப்புக்காரர் வீட்டு மருமகள். கேட்டுக்கொண்டிருந்தவர் ஜீப்புக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்த பட்டறைக்காரர். அங்கிருந்து அவள் முகம் தெரியவில்லை. செருப்புக்குள் கால் விரல்கள் தவித்துக்கொண்டிருந்ததுதான் தெரிந்தது. எதிரே ஆஸ்பத்திரி வளாகத்தில் டீசல் சொட்டிக்கொண்டு நின்ற வண்டியை அவரே போய் ஓட்டி வந்திருந்தார்.

ஒடுக்கு என்றால் லேசான ஒடுக்கு இல்லை. பின்பக்கம் தொங்கும் டீசல் டேங்கின் வயிறு பாதி உள்ளே போயிருந்தது. ஓரத்தில் ஒரு விரிசல் வேறு. யானை ஏதாவது எட்டி உதைத்ததா என்று கேட்டார்.

அவள் விவரம் சொன்னாள். போன வாரம் குழந்தைக்குத் திடீரென்று மூச்சுத் திணறல். கணவன் கப்பல் வேலையில் நடுக்கடலில் இருக்கிறான். மழையில் மண் சரிந்து சாலை அடைத்துக் கிடந்தது. வேறு வழியில்லாமல் ஜீப்பைப் பக்கத்து ஓடையில் இறக்கி, பாறைகள் மேல் ஏற்றி இறக்கி, எப்படியோ ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தாயிற்று. இப்போது குழந்தை எழுந்து உட்கார்ந்து சிரிக்கிறான். மாமியார் வார்டிலேயே இருந்து பார்த்துக்கொள்கிறார். சாலையையும் சரிசெய்துவிட்டார்கள். இன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பட்டறைக்காரர் வெளியே வந்து அவளை ஏற இறங்கப் பார்த்தார். அந்த ஓடையை அவருக்குத் தெரியும். நடந்து போனாலே கால் பிசகும்.

“நானா இருந்தா வண்டியை அங்கேயே போட்டுட்டு உக்காந்து அழுதிருப்பேம்மா.”

“அதுக்கு ஆயுசு பூரா நன்றி சொல்லணும்ணே,” என்றாள். கண் கலங்கிவிட்டது. கடவுளைத்தான் சொல்கிறாள் என்று நினைத்து அவரும் ஒருமுறை மேலே பார்த்துக்கொண்டார்.

வேலை ஆரம்பித்தது. டீசலை கேனில் வடித்தார். டேங்கைக் கழற்றி இறக்கி, சோப்புத் தண்ணீரால் அலசி, விரிசல் மேலே வரும்படி திருப்பி வைத்து உள்ளே தண்ணீர் நிரப்பினார். உள்ளே ஆவி தங்கியிருக்கும்போது நெருப்பைக் காட்டினால் டேங்கோடு சேர்ந்து பட்டறையும் கிளம்பிவிடும். பிறகு ஒடுக்கின் நடுவில் ஒரு கம்பியைப் பற்றவைத்துப் பிடித்து இழுத்தார். தகடு முரண்டு பிடித்தது. சுற்றிலும் சுத்தியலால் தட்டித் தட்டி மறுபடி இழுக்க, மெல்ல மெல்ல வெளியே வந்தது. விரிசலையும் அடைத்து, தண்ணீரைக் கொட்டிக் காயவைத்தார்.

கை வேலை செய்ததே தவிர வாய் சும்மா இருக்கவில்லை. மாமியார்களைப் பற்றி அவருக்கு அழுத்தமான கருத்துகள் இருந்தன. ஒரு தம்ளர் நசுங்கினால்கூடத் தன் அம்மா சம்பந்தி வீடு வரைக்கும் இழுப்பாள் என்றார். தன் மனைவி பாத்திரம் கழுவுவதே மூச்சை அடக்கிக்கொண்டுதான் என்றார். மருமகள் பாதியைக் காதில் வாங்கவில்லை, கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கறுப்பு பெயின்ட் காய்ந்து, டேங்கை மாட்டி முடித்தபோது அது பளபளவென்று இருந்தது. அதுவே வினையாயிற்று. இப்படிப் புதுசாக மின்னினால் அத்தை கண்டுபிடித்துவிடுவார் என்று அவள் பதறினாள். இத்தனை வருடத் தொழிலில் முதல் முறையாக, தான் செய்த வேலையின் மேல் தானே சேற்றைக் குழைத்துப் பூசினார் பட்டறைக்காரர்.

பூசப் பூச அவருக்கு ஆற்றாமையாக இருந்தது. பெற்ற பிள்ளையைப் பிழைக்க வைத்த பெண், ஒரு ஒடுக்குக்காகவா இப்படி நடுங்க வேண்டும்?

“இந்தாம்மா சாவி. தைரியமாப் போ. உங்க அத்தை ஒரு வார்த்தை சொல்லட்டும், நானே வந்து நாலு கேள்வி கேக்கறேன். அன்னைக்கு நீ ஓட்டலேன்னா அவங்களுக்குப் பேரன் ஏது?”

அவள் சாவியை வாங்கவில்லை.

“நீங்களே கொண்டுபோய் நிறுத்திடுங்கண்ணே. எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது,” என்றாள். “அன்னைக்கு ஓட்டினது அத்தைதான். அதுவரைக்கும் ஷெட்டுக்கும் வாசலுக்கும் நடுவுலதான் ஓட்டியிருக்காங்க. பாறையில இடிச்சது அவங்களுக்குத் தெரியவே தெரியாது. ‘ஒரு கீறல்கூட விழாமக் கொண்டாந்து சேர்த்துட்டேன்’னு வார்டுல ஒருத்தர் விடாமச் சொல்லிட்டிருக்காங்க. என் பிள்ளையைக் காப்பாத்திக் கொடுத்தவங்கண்ணே, அந்தச் சந்தோஷம் துளிகூடக் குறையக் கூடாது.”