உள்ளேன் ஐயா

சிரிப்பு உண்டு, ஆனால் இப்பவே சிரிச்சுடாதீங்க. நான் ஒரு ரிங்டோன். யார் குரல் வேண்டுமானாலும் எனக்கு வரும். பழைய போன் உடைந்ததால், பேக்கப்பில் இருந்து எங்களையெல்லாம் புதுப் போனில் இறக்கினார்கள். அதில் சில ஃபைல்கள் சிதைந்துபோய், பட்டியலில் பெயர் மட்டும் மிஞ்சியது.

சரிபார்க்க வந்த சாஃப்ட்வேர் சார், பள்ளிக்கூடம் மாதிரி ஒவ்வொரு பெயராக வாசித்தார். ஆள் வராவிட்டால் பேக்கப்பில் இருந்து மறுபடி எடுப்பார். எல்லாரும் இருந்தால் பேக்கப்பை அழித்துவிடுவார்.

“கல்யாண வீடியோ?”

அது சிதைந்துபோன ஃபைல். அதற்குப் பதிலாக நான் நாதஸ்வரம் மாதிரி இழுத்தேன். “உள்ளேஏஏன் ஐயா!”

“மாடித் தோட்டம் போட்டோ?”

அணில் மாதிரி கீச்சிட்டேன். “உள்ளேன் ஐயா!”

பக்கத்தில் இருந்த அலாரம் பதறியது. “டேய், வேணாம்டா! பேக்கப் போச்சுன்னா அதுங்க திரும்ப வரவே வராது.”

“சும்மா இருடா, சிரிப்பே இனிமேதான்.”

“பாப்பா பேசிய முதல் சொல்?”

மழலையில் குழைந்தேன். “உள்ளேன் ஐயா!”

“சரி, எல்லாரும் வந்தாச்சு” என்று பேக்கப்பை அழிக்கப்போன சார், அப்படியே நின்றார். மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

“ஏன்டா, ஒரு குழந்தை பேசின முதல் சொல்லே ‘உள்ளேன் ஐயா’வா?”