கருவேலமரத்துக்கு வலப்பக்கம்

மூச்சை அடக்கிக்கொண்டு கைபேசியைத் தலைகீழாகத் திருப்பினாள்.

தீப்பெட்டி ஒன்றைத் தண்டவாளங்களுக்கு நடுவே படுக்கவைத்து, அதன்மேல் நிறுத்தினாள்.

அப்படி வைத்தால்தான் லென்ஸ் ரயில் ஓட்டுநரின் கண் இருக்கும் இடத்துக்கு வரும். அசலில் தரையிலிருந்து மூன்று மீட்டர் உயரம். இந்தப் பொம்மைப் பாதையில் மூன்றரை சென்டிமீட்டர்.

அறையின் நான்கு சுவரையும் ஒட்டி இடுப்புயரப் பலகை. பலகைமேல் தண்டவாளம், சரளை, சிக்னல், காய்ந்த புல். நடுவில் ஓர் ஆள் மட்டும் நிற்க ஓர் இடைவெளி. பலகைக்கு அடியில் தவழ்ந்துதான் அதற்குள் வரவேண்டும்.

தமயந்தி உள்ளே வந்து முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது.

கதவுக்கு வெளியே, சுவரில் முதுகைச் சாய்த்து, அவள் கணவன் சுப்பராயன் உட்கார்ந்திருந்தான். பதினான்கு மாதமாக அவன் தெருக்கதவைத் தாண்டவில்லை. அதற்கு முன் இருபத்திரண்டு வருடம் ரயில் ஓட்டியவன்.

ஒரு வளைவு. மாலை ஐந்து இருபது. பச்சைச் சேலை கட்டிய ஒருத்தி பாதையைக் கடந்தாள்.

விசாரணையில் அவன்மேல் தவறில்லை என்று எழுதிவிட்டார்கள். அந்த வேகத்தில் யாராலும் நிறுத்தியிருக்க முடியாது. ஆனால் வெளியே வரும்போது இறந்தவளின் மகன் அருகில் வந்து, கோபமே இல்லாமல் கேட்டானாம், ஒரே ஒரு ஹாரன் அடித்திருந்தால் அம்மா திரும்பிப் பார்த்திருக்குமே என்று.

சுப்பராயன் ஹாரன் அடிக்கவில்லை. அவளைப் பார்க்கவே இல்லை.

பார்த்திருக்க முடியாதா, பார்க்கத் தவறினோமா என்று அவனுக்கே தெரியவில்லை.

வேலையை விட்டான். விசாரணை வரைபடத்திலிருந்த அளவுகளைப் பொம்மை ரயில் கணக்குப்படி எண்பத்தேழால் வகுத்து, அந்த வளைவைக் கட்ட ஆரம்பித்தான். கட்டிலைக் கூடத்துக்கு மாற்றினார்கள்.

கட்டி முடித்த பிறகு குனிந்து பார்க்கத் துணிவில்லை. நீ எடுத்துக் காட்டு என்றான். தமயந்தி ஸ்டுடியோவில் படம் எடுப்பவள்.

முதலில் எடுத்ததையெல்லாம் விளையாட்டுச் சாமான் என்று தள்ளிவிட்டான். அசலாக இருந்தால்தான் நம்புவேன் என்றான்.

பாதையில் விழுந்த ஒரு தலைமுடி, படத்தில் அறுந்த மின்கம்பியாகத் தெரிந்தது. தூரிகையால் தூசியைத் துடைத்தாள். விளக்கைப் பலகை மட்டத்துக்கு இறக்கி ஆரஞ்சுத் தாள் சுற்றினாள். நிழல்கள் நீண்டன. கிட்டத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, தூரத்தில் ஒன்று என்று ஃபோகஸ் மாற்றி எடுத்து, மூன்றையும் ஒரே படமாக்கினாள்.

பன்னிரண்டாவது நாள் இன்று.

இன்று படம் பொம்மையாக இல்லை.

திரையில் சரளைக்கல் வெயிலில் காய்ந்து கிடந்தது. பாதை இடப்பக்கம் திரும்பியது. திருப்பத்தில் கருவேலமரம்.

மரத்துக்கு வலப்பக்கம், பச்சையாக, அவள்.

பலகைமேல் அந்தப் பொம்மை இரண்டு நெல்மணி உயரம்தான். படத்தில் முந்தானை வரை தெரிந்தது.

தமயந்தி கணக்குப் போட்டாள். வண்டியிலிருந்து அவள்வரை இருநூறு மீட்டர். ஏழு நொடி.

ஹாரனுக்கு ஒரு நொடி போதும்.

"தெரியுதா?" என்று வெளியிலிருந்து கேட்டான்.

விளக்கு ஆடிவிட்டது, இன்னொரு தடவை எடுக்கிறேன் என்றாள். குரல் சரியாகத்தான் வந்தது.

மரத்தை அடியில் பிடித்துத் திருகினாள். பசை விட்டுக்கொடுத்தது. வலப்பக்கமாக அரை விரற்கடை தள்ளி ஊன்றினாள். மறுபடி மூன்று படம்.

தவழ்ந்து வெளியே வந்து கைபேசியை நீட்டினாள்.

அவன் இரண்டு விரலால் பெரிதாக்கினான். வளைவு. மரம். வெறும் பாதை. இன்னும் பெரிதாக்கினான். படம் கட்டம் கட்டமாக உடையும்வரை.

"தெரியலே," என்றான்.

பிறகு கைபேசியை மடியில் வைத்துக்கொண்டான். அழுவான் என்று அவள் காத்திருந்தாள். அவன் எழுந்து முகம் கழுவினான். சட்டையை மாட்டினான். கைபேசியை எடுத்துக்கொண்டு தெருக்கதவைத் திறந்தான்.

தமயந்தி சன்னலுக்கு ஓடினாள். எந்தப் பக்கம் போவதென்று தெரியாதவனைப்போல் சற்று நின்றுவிட்டு நடந்தான்.

பின்பு பசைக்குழாயைத் தேடி எடுத்துக்கொண்டு பலகைக்கு அடியில் புகுந்தாள். மரத்தைப் புதிய இடத்திலேயே ஒட்டினாள்.

ஒரு மணி நேரம் கழித்து வந்தான். தாடி இல்லை. முடி வெட்டியிருந்தான். கன்னம் ஒட்டிப்போய், கல்யாணத்தன்று பார்த்த முகம்போல் இருந்தது.

கையில் ஓர் உறை. படத்தை அச்சுப் போட்டிருந்தான். அவளிடம் கொடுத்துவிட்டுச் சொன்னான்.

"நாளைக்கு அந்தப் பையனப் போய்ப் பார்க்கலாம்னு இருக்கறேன். இதக் காட்டோணும். அவங்க ஊட்டு வாசல்ல நின்னா அந்த வளைவு அப்படியே தெரியும். நீயும் வா."

அவள் உறையைப் பிரிக்கவில்லை.

"ஏனுங்க, அந்த மரம் இன்னும் அங்க இருக்குமா?"

"நல்லா இருக்கும். அத யாரு வெட்டறாங்க?"

காலையில் முதல் வண்டி ஆறு மணிக்கு என்றான்.